பதினோரு நாற்காலிகள்

தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களின் கதை – 9

கலப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கத் துடித்த அரசுக்கு எதிராக மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு முறை தீர்ப்பளித்ததையும், அதற்கு அரசு கண்டுபிடித்த மாற்றுவழியையும் சென்ற வாரம் பார்த்தோம். 1955-இல் அந்த நீதிமன்றத்துக்குப் புதிதாக ஐந்து நீதிபதிகள் வந்தார்கள். நாடாளுமன்றச் சட்டம் செல்லுமா என்ற வழக்கை இனி பதினோரு பேர் கொண்ட அமர்வுதான் கேட்க வேண்டும் என்று சட்டம் எழுதினார்கள். கூடவே 48 பேர் இருந்த செனட்டை 89 ஆக்கி, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவையும் தேற்றிக்கொண்டார்கள்.

1956-இல் தீர்ப்பு வந்தது. அரசின் பக்கம் பத்துப் பேர். எதிராக ஒரே ஒருவர், ஆலிவர் ஷ்ரைனர். தலைமை நீதிபதியாகும் தகுதி அவருக்கு இருந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடைசிவரை அந்த நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை.

எந்த நீதிபதியையும் மிரட்டவில்லை. எவருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. நாற்காலிகளைக் கூட்டிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் மறுபடி பதினோரு நாற்காலிகள் போட வேண்டிய நேரம் வந்தது. இந்த முறை அவற்றில் யாரை உட்கார வைப்பது என்பதைவிட, உட்கார வைப்பது யார் என்பதில்தான் சண்டை.

*

1993 நவம்பர். ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்துக்கு அருகே, கெம்ப்டன் பார்க்கில் உள்ள உலக வர்த்தக மையம்.

வெள்ளையர் அரசும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் (ஏ.என்.சி.) இருபதுக்கும் மேற்பட்ட கட்சிகளோடு உட்கார்ந்து இடைக்கால அரசமைப்புச் சட்டத்தை முடித்துக்கொண்டிருந்தன. பெரும்பாலான விஷயங்கள் ஒருவழியாகப் படிந்துவிட்டன. அரசமைப்பு நீதிமன்றம் என்று புதிதாக ஒன்று வேண்டும் என்பதிலும் ஒப்புதல் வந்துவிட்டது.

ஏன் புதிதாக ஒன்று? காரணம் வெளிப்படை. இருந்த நீதிமன்றங்களில் கிட்டத்தட்ட எல்லா நீதிபதிகளும் வெள்ளை ஆண்கள். நிறவெறிச் சட்டங்களைப் பல பத்தாண்டுகள் அமல்படுத்தியவர்கள். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கக்கூடாது என்ற பழக்கத்தில் ஊறியவர்கள். அவர்கள் கையில் புதிய உரிமைச் சாசனத்தைக் கொடுத்து, நாடாளுமன்றத்தையே தட்டிக் கேளுங்கள் என்றால் கறுப்பின மக்கள் எப்படி நம்புவார்கள்?

அரசின் நீதி அமைச்சர் கோபி கூட்சே பழைய அமைப்புக்கு உள்ளேயே இதற்கு ஓர் இடம் ஒதுக்கப் பார்த்தார். அது எடுபடவில்லை.

சிக்கல் நியமனத்தில் வந்தது. வெள்ளையர் அரசை நடத்திய தேசியக் கட்சியும் ஏ.என்.சி.யும் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன: நீதிபதிகளை அதிபரும் அமைச்சரவையும் நியமிக்கட்டும். இரண்டு கட்சிகளும் வருங்கால அமைச்சரவையில் இருக்கப்போகிறவை. ஆகவே இருவருக்கும் அது வசதி.

சிறிய கட்சியான ஜனநாயகக் கட்சி கொதித்தெழுந்தது. அதன் சார்பில் பேசிய டோனி லியோன் விடுவதாக இல்லை. அரசைக் கட்டுப்படுத்த ஒரு நீதிமன்றம். அதற்கு நீதிபதிகளை அரசே பொறுக்கி எடுப்பது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பது போலத்தான்.

கடைசி மணி நேரங்களில் பேரம் நடந்தது. நவம்பர் 18 அதிகாலையில் இடைக்கால அரசமைப்பு ஏற்கப்பட்டபோது, நியமன விதி வேறு உருவம் எடுத்திருந்தது.

நீதிமன்றத் தலைவரை நாட்டின் அதிபர் நியமிப்பார். நான்கு பேரை ஏற்கெனவே பதவியில் உள்ள நீதிபதிகளிலிருந்து, தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு எடுப்பார். மீதி ஆறு பேரை மட்டும் இஷ்டப்படி எடுக்க முடியாது. நீதித்துறை ஆணையம் பத்துப் பெயர் கொடுக்கும். அந்தப் பத்துக்குள்தான் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதவிக்காலம் ஏழு ஆண்டு, ஒரே ஒரு முறை. நீட்டிப்புக்காக யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஆணையத்தில் 17 பேர். நீதிபதிகள், வழக்கறிஞர்கள், ஒரு சட்டப் பேராசிரியர், நீதி அமைச்சர், நான்கு செனட்டர்கள், அதிபர் நியமிக்கும் நால்வர். அரசியல்வாதிகளை ஒரேயடியாக வெளியே தள்ளவில்லை. அவர்கள் தனியாக முடிவெடுக்க முடியாதபடி செய்தார்கள். நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் நம் ஊர் கொலீஜியம் முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை எழுகிறது. அது தனித் தொடருக்கான விஷயம்.

*

1994 ஏப்ரலில் தேர்தல். மே மாதம் மண்டேலா அதிபரானார். அடுத்த மாதமே நீதிமன்றத் தலைவரின் பெயரை அறிவித்தார்: ஆர்தர் சாஸ்கல்சன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்காக வாதாடிய குழுவில் இளைய வழக்கறிஞராக இருந்தவர். பிறகு நல்ல வருமானம் தந்த தொழிலை விட்டுவிட்டு, ஏழைகளின் வழக்குகளை நடத்தும் சட்ட உதவி மையத்தை உருவாக்கியவர். தகுதியில் குறை சொல்ல ஆளில்லை. ஆனாலும் அதிபரின் பழைய வக்கீல் அல்லவா? அந்த முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது.

ஆகஸ்டில் நால்வர் வந்தார்கள். லாரி ஆக்கர்மன், ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன், தோலி மதாலா, இஸ்மாயில் மஹோமத்.

ஆக்கர்மன் 1987-இல் நீதிபதி பதவியை உதறிவிட்டு, மனித உரிமைச் சட்டம் கற்பிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்.

மஹோமத் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிரிட்டோரியாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். வழக்கறிஞராகத் தகுதி பெற்றும், இனவாரியாக இடங்களைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் ஜோஹன்னஸ்பர்க்கில் சொந்தமாக அறை எடுக்க முடியவில்லை. எந்த வெள்ளைக்கார நண்பர் அன்று கோர்ட்டுக்குப் போயிருக்கிறாரோ அவருடைய அறையில் உட்கார்ந்து கட்சிக்காரர்களைப் பார்ப்பார். அவர் திரும்பி வந்தால் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு வேறு அறை தேட வேண்டும். நாட்டின் உச்ச அமர்வான மேல்முறையீட்டு நீதிமன்றம் ப்ளூம்ஃபோன்டெய்னில் இருந்தது. அது ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். இந்தியர்கள் அங்கே இரவு தங்கக்கூடாது. பகலெல்லாம் நீதிபதிகள் முன் வாதாடிவிட்டு, பொழுது சாய்ந்ததும் மாகாண எல்லையைத் தாண்டிப் போய்ப் படுத்துவிட்டு, விடிந்ததும் அதே வாதத்தைத் தொடர மீண்டும் வர வேண்டும்.

அந்த மனிதர் இப்போது நாட்டின் சட்டங்களை எடைபோடப் போகிறார்.

அக்டோபரில் மீதி ஆறு இடங்களுக்கான நேர்காணல்கள். நீதிபதியாக வேண்டியவரை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது அந்த நாட்டில் அதுவரை நடக்காத காரியம். ஒருவருக்கும் சலுகை காட்டவில்லை. ஏ.என்.சி.க்காரரான ஆல்பி சாக்ஸுக்குத்தான் சோதனை கடுமையாக இருந்தது. 1988-இல் மொசாம்பிக்கின் மபுடோவில் அவரது காரில் குண்டு வைத்தார்கள். வலது கையும் ஒரு கண்ணின் பார்வையும் போயின. அந்தத் தியாகத்தைச் சொல்லித் தப்பிக்க ஆணையம் விடவில்லை. ஏ.என்.சி. தன் சொந்தப் போராளி ஒருவரை மாதக்கணக்கில் தனிமையில் அடைத்து வைத்து, வெளியே விட்ட சில நாட்களில் அவர் இறந்துபோன விவகாரத்தை ஆராய்ந்த குழுவில் சாக்ஸ் இருந்தார். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அவரைக் குடைந்து எடுத்தார்கள்.

கடைசியில் தேர்வான அறுவர்: சாக்ஸ், ஜான் டிட்காட், 1994 தேர்தலை நடத்திக் காட்டிய யோஹான் கிரீக்லர், பயஸ் லாங்கா, இவோன் மொக்கோரோ, கேட் ஓ'ரீகன்.

லாங்கா பணமில்லாமல் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நின்று, தபால்வழியில் சட்டம் படித்து மேலே வந்தவர். மொக்கோரோ ஒருமுறை தெருவில் ஓர் இளைஞனைப் போலீஸ் பிடித்ததை எதிர்த்துக் கேட்டதற்காகக் கைதானார். அவருக்காக வாதாட வந்தவர் விடுதலைப் போராட்டத் தலைவர் ராபர்ட் சோபுக்வே. நீயே வக்கீலாகலாமே என்று சொல்லிவிட்டுப் போனார். ஓ'ரீகனுக்கு வயது 37; அமர்விலேயே இளையவர்.

ஏழு வெள்ளையர்கள், நான்கு பேர் மற்ற இனத்தவர். பதினோரு பேரில் பெண்கள் இருவர். வெள்ளையரல்லாதவர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டுக்கு இது சரியான விகிதம் அல்ல. அன்றே அதைச் சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறை தீரப் பல ஆண்டுகள் ஆகும்.

*

1995 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை.

நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஜோஹன்னஸ்பர்க்கின் ப்ராம்ஃபோன்டெய்ன் பகுதியில், ஓர் அலுவலக வளாகத்தில் வாடகைக்கு இடம் பிடித்திருந்தார்கள். பச்சை அங்கி அணிந்த நீதிபதிகள் வரிசையாக வந்தார்கள். கோல்ட்ஸ்டோன் மட்டும் இல்லை. யூகோஸ்லாவியப் போர்க்குற்ற வழக்குகளை நடத்த அவரை ஹேக் நகருக்கு அழைத்திருந்தார்கள். அவர் இடத்தைத் தற்காலிகமாக நிரப்பியவர் சிட்னி கென்ட்ரிட்ஜ். நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோ காவலில் இறந்தபோது, மரண விசாரணையில் அவர் குடும்பத்துக்காகப் போலீஸ்காரர்களைக் குறுக்கு விசாரணை செய்தவர்.

மண்டேலா பேச எழுந்தார்.

கடைசியாகத் தான் நீதிமன்றத்தில் நின்றது, தனக்கு மரண தண்டனையா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காக என்றார். நல்லவேளையாக அது நடக்கவில்லை. இன்று குற்றவாளிக் கூண்டிலிருந்து எழவில்லை, மக்கள் சார்பில் இந்த நீதிமன்றத்தைத் திறந்துவைக்க எழுந்திருக்கிறேன் என்று தொடர்ந்தார்.

அவர் சொன்னது 1964 ஜூன் 12-ஐ, ரிவோனியா வழக்கில் தண்டனை அறிவிக்கப்பட்ட நாளை. பிரிட்டோரியாவின் நீதி மாளிகையில் அன்று நீதிபதி தூக்கு என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அன்று அவருக்காக வாதாடிய இளைஞர்தான் இப்போது எதிரில் நடுநாயகமாக அமர்ந்திருக்கிறார்.

மறுநாள் முதல் வழக்கு விசாரணைக்கு வரப்போகிறது. அது மரண தண்டனை வழக்கு.

*

மக்வன்யானே வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான்.

இரண்டு பேர். கொள்ளையில் நடந்த நான்கு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர்கள். அவர்கள் குற்றவாளிகள் என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சந்தேகமில்லை. தண்டனை விஷயத்தில் மட்டும் அது கையைத் தூக்கிவிட்டது: புதிய அரசமைப்பின் கீழ் தூக்கு செல்லுமா என்பதை அரசமைப்பு நீதிமன்றம் சொல்லட்டும்.

அரசமைப்பை எழுதியவர்கள் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கெம்ப்டன் பார்க்கில் ஒரு பக்கம் தூக்கு வேண்டும் என்றது, மறு பக்கம் கூடாது என்றது. ஒத்துப்போகாததால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு என்று எழுதிவிட்டு, தூக்குமேடையைப் பற்றி ஒரு வரிகூடப் போடாமல் நீதிபதிகள் தலையில் கட்டிவிட்டார்கள்.

வெளியே காத்திருந்தவர்களின் எண்ணிக்கை சிறிதல்ல. 300-க்கும் 400-க்கும் இடைப்பட்ட கைதிகள் தூக்கை எதிர்நோக்கி இருந்தார்கள். 1990 பிப்ரவரியில் அதிபர் டி கிளார்க் தூக்கிலிடுவதை நிறுத்தி வைத்தார். அதற்குமுன் பிரிட்டோரியா மத்தியச் சிறையின் மேடையில் ஒரே நேரத்தில் ஏழு பேரைத் தொங்கவிடலாம். 1987-இல் மட்டும் அங்கே 164 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். முந்தைய இரவு முழுக்க மற்றக் கைதிகள் அவர்களுக்காகப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரி 15 முதல் மூன்று நாள் விசாரணை.

அரசுத் தரப்பே இரண்டாக நின்றது. விட்வாட்டர்ஸ்ராண்ட் அட்டர்னி ஜெனரல் தூக்கு வேண்டும் என்றார். புதிய அரசின் சார்பில் வந்த ஜார்ஜ் பிசோஸ், மரண தண்டனை அரசமைப்புக்கு முரணானது என்பதை அரசு ஏற்கிறது என்றார். பிசோஸும் ரிவோனியாவில் மண்டேலாவுக்காக வாதாடியவர்தான்.

அட்டர்னி ஜெனரலின் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்குச் சுமார் 20,000 கொலைகள் நடக்கும் நாடு அது. மக்கள் பயந்து கிடந்தார்கள். தூக்கு போனால் கொலைகாரனுக்கு என்ன பயம் இருக்கும்? பெரும்பான்மை மக்கள் அதைத்தானே கேட்கிறார்கள்?

ஆனால் அவர் தந்த அதே கணக்கு அவர்மேலேயே திரும்பியது. 1990-க்குப் பிறகான ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 கொலை வழக்குகள் விசாரணைக்கு வந்தன. அத்தனை வழக்குகளிலும் சேர்த்துத் தூக்கு பெற்றவர்கள் 243 பேர். அந்த 243 பேரை மற்றவர்களிடமிருந்து பிரித்தது எது? குற்றத்தின் கொடூரம் மட்டுமா?

இல்லை என்பது வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஏழைக் குற்றவாளிக்கு அரசு கொடுக்கும் வக்கீல் பெரும்பாலும் தொழிலுக்குப் புதியவர்; சொற்பக் கூலி. எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறது என்பது அதிர்ஷ்டம். மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொல்கிறார் என்பதும் அதிர்ஷ்டம். இதற்கெல்லாம் மேலே இன்னொரு விசித்திரம்: கறுப்பினத்தவருக்கென நிறவெறி அரசு பிரித்துவைத்த 'தாயகங்களில்' ஒன்றான சிஸ்கையில் 1990-லேயே தூக்கை ஒழித்துவிட்டார்கள். அந்த எல்லைக்குள் கொலை செய்தவனுக்கு ஆயுள். எல்லைக்கு வெளியே அதே கொலைக்குக் கயிறு.

*

1995 ஜூன் 6.

பதினோரு நீதிபதிகளும் தனித்தனியே தீர்ப்பு எழுதியிருந்தார்கள். முடிவு ஒன்றே: கொலைக்கு மரண தண்டனை செல்லாது. காத்திருந்தவர்களில் ஒருவரையும் இனி அரசு தூக்கிலிடக்கூடாது. வேறு தண்டனை விதிக்கும்வரை அவர்கள் சிறையில் இருக்கட்டும். போர்க்காலத் துரோகக் குற்றத்தை மட்டும் தொடாமல் விட்டார்கள்.

முதன்மைத் தீர்ப்பு சாஸ்கல்சனுடையது. உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வருகிறார். 1990-இல் தூக்கை ரத்து செய்த ஹங்கேரி அரசமைப்பு நீதிமன்றத்தைப் பார்க்கிறார். அமெரிக்காவைப் பார்க்கிறார். நம் பச்சன் சிங் வழக்குக்கும் வருகிறார். 1980-இல் நம் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளில் தூக்கு செல்லும் என்றது. சாஸ்கல்சன் அதை மரியாதையோடு விலக்குகிறார்: சட்டம் வகுத்த நடைமுறைப்படி உயிரைப் பறிக்கலாம் என்பதற்கு இந்திய அரசமைப்பின் வாசகமே இடம் தருகிறது, எங்கள் அரசமைப்பு உயிருக்கான உரிமையை அப்படி நிபந்தனை போட்டுத் தரவில்லை.

தூக்கு ஆயுள் தண்டனையைவிட அதிகம் அச்சுறுத்துகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார். கிடைக்கவில்லை. பிடிபடுவோம், தண்டனை கிடைக்கும் என்ற நிச்சயம்தான் குற்றவாளியைப் பயமுறுத்தும். அது நாட்டில் இல்லை, குறை அங்கேதான் என்கிறார். லாங்கா, மஹோமத், மொக்கோரோ, சாக்ஸ் ஆகியோர் ஆப்பிரிக்க மரபின் மனிதநேய நெறியான உபுண்டுவையும் துணைக்கு அழைத்தார்கள்.

அந்த நீண்ட தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஓர் ஒப்புதல். மக்களில் பெரும்பான்மையோர் தூக்கை விரும்பலாம் என்று சாஸ்கல்சன் மறைக்காமல் எழுதுகிறார். எழுதிவிட்டு, அதை வைத்து முடிவெடுப்பதானால் இந்த நீதிமன்றமே தேவையில்லை, நாடாளுமன்றம் போதும் என்கிறார். வாக்குப் பலத்தால் தங்களைக் காத்துக்கொள்ள முடியாதவர்களுக்காகத்தான் உரிமைகள் எழுதப்பட்டன. சமூகத்தின் மிக மோசமானவர்களும் அதில் அடக்கம்.

நாடு பொங்கியது. கொலையுண்டவர்களின் உயிருக்கு உரிமை இல்லையா என்று கேட்டார்கள். தேசியக் கட்சி, தூக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று குரல் எழுப்பியது. பிறந்து நான்கே மாதமான நீதிமன்றம், தன் முதல் வழக்கிலேயே பெரும்பான்மை மக்களைப் பகைத்துக்கொண்டது.

இதைத் துணிச்சல் என்று எல்லா நூல்களும் புகழ்கின்றன. எனக்கு அந்தப் புகழ்ச்சியில் ஓர் இடறல் உண்டு. மக்களைப் பகைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்தான். ஆனால் இந்தத் தீர்ப்பு ஆட்சியாளர்களைப் பகைக்கவில்லை. ஏ.என்.சி. நெடுங்காலமாகத் தூக்குக்கு எதிரி. அரசின் வக்கீலே வந்து ஆமாம் போட்டார். அதிபரோ தூக்கின் நிழலில் நின்று மீண்டவர். ஜூன் 6 மாலை மண்டேலாவுக்கு வருத்தப்பட எதுவும் இருக்கவில்லை.

*

ஜூன் 7.

மறுநாளேதான். அதிபர் மண்டேலாவின் பெயரில் ஒரு பிரகடனம் வெளியானது. ஜூன் 8-இல் இன்னொன்று.

கேள்விப்படாத சின்ன விவகாரம் போலத் தோன்றும். நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல். கேப் டவுனில் உள்ளாட்சி எல்லைகளை எப்படி வகுப்பது என்பதில் தகராறு. மேற்கு கேப் மாகாணத்தை ஆண்டது ஏ.என்.சி. அல்ல, தேசியக் கட்சி. முதல்வர் ஹெர்னஸ் கிரீல். மாகாண அரசு எடுத்த நடவடிக்கை ஒன்றை மண்டேலாவின் பிரகடனங்கள் ரத்து செய்தன.

அதற்கான அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? நாடாளுமன்றம் கொடுத்தது. உள்ளாட்சி மாற்றச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, அந்தச் சட்டத்தையே அதிபர் பிரகடனத்தின் மூலம் திருத்திக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. சட்டம் இயற்றும் வேலையை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டது. அந்த ஒருவர் மண்டேலா என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

கிரீல் அரசு வழக்குப் போட்டது. வாதி, நேற்றுவரை நிறவெறி ஆட்சி நடத்திய கட்சியின் மாகாண அரசு. பிரதிவாதி, உலகமே கொண்டாடும் மண்டேலா. மேடையில் சாஸ்கல்சனும் அவருடைய சகாக்களும். அவர்கள் நியமன ஆணைகளில் இருப்பது அந்தப் பிரதிவாதியின் கையெழுத்து. தேர்தலுக்கு ஐந்து மாதம்கூட இல்லை. பிரகடனங்கள் விழுந்தால் தேர்தலும் தள்ளிப்போகலாம்.

மண்டேலாவிடம் இல்லை என்று சொல்ல அந்தப் பதினோரு பேரால் முடிந்ததா? முடிந்தது என்றால், அதைக் கேட்ட மண்டேலா என்ன செய்தார்?

(தொடரும்)